பேர் தெரியாத பிணம், பழைய கொலை கேஸ்: மும்பைல நம்ம ஆளுங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க

தாராவி 90 அடி ரோட்டுல எனக்கு சின்னதா ஒரு கடை. டிக்கெட் போடுறது, ஃபார்ம் ரொப்புறது, மராத்தில மனு எழுதிக் குடுக்குறது, இதான் பொழப்பு. பத்துப் பன்னெண்டு வருஷம் முன்னாடி ஒரு கான்ஸ்டபிள் கடைக்கு வந்து ஒரு ஃபோட்டோவ நீட்டி, அண்ணா இது தமிழ்தானே, என்ன எழுதிருக்குன்னு கேட்டார். ஒரு பொம்பளையோட இடது கை, முழங்கைக்குக் கீழ பச்சை குத்தியிருக்கு, மங்கலா ஒரு இனிஷியல், அப்புறம் செல்வம்னு பேரு. யாருங்க இதுன்னு கேட்டேன், தெரியாது, கொலை, அனோள்கின்னார். மராத்தில அனோள்கின்னா அடையாளம் தெரியாத ஆள். அது அப்பவே பழைய ஃபைலு.

அன்னையில இருந்து ஆரம்பிச்சது. ஊர்ல இருந்து ஆளைத் தேடி வர்றவங்க, பத்து இருபது வருஷமா அண்ணனையோ தங்கச்சியையோ காணாதவங்க, எல்லாரும் என் கடைக்கு வந்து ஒரே மாதிரி கேள்வி கேக்குறாங்க. நான் வக்கீலும் இல்ல, டாக்டரும் இல்ல. ஸ்டேஷன், மார்ச்சுவரி, கோர்ட்டுன்னு கூட போய் வந்து தெரிஞ்சுக்கிட்டத எழுதுறேன்.

அண்ணே, ஆள் யாருன்னே தெரியல, ஆனா கொலைன்னு மட்டும் எப்படி சொல்றாங்க?

பிணம் கிடைச்சதும் பெரும்பாலும் முதல்ல கொலை கேஸ் போடமாட்டாங்க. மும்பைல ஏடிஆர்னு ஒண்ணு போடுவாங்க, விபத்து மரணம்னு அர்த்தம். பெங்களூர்ல இதையே யுடிஆர்ம்பாங்க. குற்ற நடைமுறைச் சட்டத்துல முன்னாடி சிஆர்பிசி 174, 2024 ஜூலை 1-ல இருந்து அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 194. பஞ்சநாமா (சாட்சிங்க முன்னாடி பாத்தத எழுதுற குறிப்பு) எழுதி, போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பி, கழுத்தை நெரிச்சிருக்கு, மண்டைல அடி இருக்குன்னு டாக்டர் சொன்னா அப்போதான் எஃப்ஐஆர்.

குடும்பத்துல இருந்து புகார் குடுக்க ஆள் இல்லாததால போலீஸ்காரரே புகார்தாரரா இருப்பார், ஃபைல்ல சர்க்கார் தர்ஃபே, அதாவது அரசு சார்பான்னு எழுதிருக்கும். செத்தவங்க பேரும் தெரியாது, கொன்னவன் பேரும் தெரியாது. ரெண்டு பக்கமும் காலியா இருக்குற கேஸ் அது.

பேர் தெரியலன்னா கேஸை மூடிருவாங்களா?

மூடுவாங்க, ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. இங்க மகாராஷ்டிரால கேஸ மூடச் சொல்லி போலீஸ் கோர்ட்டுக்கு குடுக்குற ரிப்போர்ட்ல ஏ சம்மரி, பி சம்மரி, சி சம்மரின்னு இருக்கு. சம்பவம் உண்மைதான், ஆனா யாருன்னு கண்டுபிடிக்க முடியலன்னா ஏ சம்மரி. பி-ன்னா புகாரே பொய், சி-ன்னா தப்பா புரிஞ்சுக்கிட்டு குடுத்த புகார் மாதிரி, உண்மையும் இல்ல பொய்யும் இல்ல. பேர் தெரியாத கொலைங்க பெரும்பாலும் ஏ சம்மரில போய் உக்காந்துக்கும்.

உக்காந்திருக்கு, செத்துப் போகல. புதுசா ஏதாவது கிடைச்சா திரும்ப விசாரிக்க சட்டத்துல வழி இருக்கு, பழைய சிஆர்பிசில 173(8), இப்போ பிஎன்எஸ்எஸ் 193(9). கொலைக்கு இத்தனை வருஷத்துக்குள்ளன்னு காலக்கெடுவே கிடையாது. மூணு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள சின்ன குத்தத்துக்குத்தான் கெடு. அதனால முப்பது வருஷம் ஆச்சே இனிமே என்னன்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க.

பாடிய எத்தனை நாள் வெச்சிருப்பாங்க? எரிச்சிட்டா எல்லாம் போச்சா?

ரொம்ப நாள் வெக்க மாட்டாங்க, மார்ச்சுவரில இடம் இல்ல. மும்பைல ரயில்ல அடிபட்டு சாகுறவங்க கூட்டமே தனி, அதுல பேர் தெரியாதவங்களும் நெறைய. யாரும் வரலன்னா பேவாரஸ், அதாவது கேக்க நாதி இல்லாத பிணம்னு எழுதி அடக்கம் பண்ணிருவாங்க.

புதைச்சிருந்தா எலும்பும் பல்லும் மண்ணுல இருக்கும், மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி தோண்டலாம். எரிச்சிட்டா சாம்பல்ல இருந்து டிஎன்ஏ எடுக்குறது நடக்காத காரியம். ஆனா அதோட முடிஞ்சுதுன்னு இல்ல, போஸ்ட்மார்ட்டம் அப்போ எடுத்து வெச்ச பல்லு, தொடை எலும்புத் துண்டு, ரத்தக்கறை, துணிமணி இதெல்லாம் லேப்லயோ ஸ்டேஷன் முத்தேமால் ரூம்லயோ இருக்கலாம். முத்தேமால்னா கேஸ் பொருள் வெக்கிற இடம். நீங்க ஸ்டேஷன்ல கேக்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: சாம்பிள் என்ன எடுத்தீங்க, இப்போ எங்க இருக்கு?

பெரிய கேஸ்லயே தடுமாறுது. எரிஞ்ச உடம்பா கிடைச்ச மும்பைப் பொண்ணு ஷீனா போரா கேஸ்ல எலும்புங்கள காணோம்னு 2024-ல கோர்ட்ல சொன்னாங்க, அடுத்த மாசமே டெல்லி சிபிஐ ஆபீஸ்லதான் இருக்குன்னு சொன்னாங்க. நாடே பாத்த கேஸுக்கே இந்த கதின்னா பேரில்லாத ஒருத்திக்கு என்ன ஆகும்னு யோசிங்க.

எங்க அண்ணன் காணாம போனப்பவே ஊர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டோம், பாம்பே போலீசுக்கு அது தானா தெரிஞ்சிருக்காதா?

இந்தக் கேள்விதான் அதிகமா வருது, பதிலும் இதுக்குத்தான் ரொம்ப கசப்பு. தெரியணும், ஆனா பழைய கேஸ்ல தெரிஞ்சிருக்காதுன்னே வெச்சுக்கோங்க. தமிழ்நாட்டுல ஆள் காணோம்னா எஃப்ஐஆரே போடுவாங்க, மேன் மிஸ்ஸிங், உமன் மிஸ்ஸிங்னு. இங்க பெரியவங்க காணாம போனா மிஸ்ஸிங் ரிஜிஸ்டர்ல ஒரு நம்பர், அவ்ளோதான். 18 வயசுக்குள்ளன்னா கடத்தல்னு எஃப்ஐஆர் போட்டாகணும், அது 2013-ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கு அப்புறம். ஆக காணாம போனது திருநெல்வேலி ஸ்டேஷன்ல தமிழ்ல எழுதுன ஒரு எஃப்ஐஆர், பிணம் கிடைச்சது பன்வேல்லயோ கல்யாண்லயோ மராத்தில எழுதுன ஒரு ஏடிஆர். ஒரே ஆளப் பத்தின ரெண்டு காகிதம், ஒண்ணுக்கொண்ணு பேசிக்கவே இல்ல.

இப்போ சிசிடிஎன்எஸ்னு நாடு முழுக்க போலீஸ் கம்ப்யூட்டர் நெட்வொர்க் இருக்கு, 2009-ல ஒப்புதல் ஆனது. அதுல பொதுமக்களே காணாம போனவங்க, அடையாளம் தெரியாத பிணம் ரெண்டையும் தேடலாம். தமிழ்நாடு போலீஸ் சைட்லயும் தேடலாம், டெல்லி பக்கம்னா ஸிப்நெட்னு போலீஸ் சைட். ஆனா கம்ப்யூட்டர் வர்றதுக்கு முந்தின கேஸ் எல்லாம் ஏத்தியிருப்பாங்கன்னு நம்பாதீங்க, ஏத்தியிருந்தாலும் வயசு 30-35, நடுத்தர உடம்பு, கோதுமை நிறம்னு இருக்கும். நம்ம ஊர்ல பாதிப் பேர் அதுல அடங்கிருவான்.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. தொலைஞ்ச ஊர்ல மட்டும் தேடாதீங்க, கடைசியா இருந்த ஊர்லயும் போய்ச்சேர்ந்திருக்கக்கூடிய ஊர்லயும் எழுத்துல குடுங்க. ஊர் எஃப்ஐஆர் ஜெராக்ஸ், அதுக்கு மராத்தி மொழிபெயர்ப்பு, ஃபோட்டோ, அடையாளம் எழுதுன ஒரு பேப்பர். மும்பை மட்டும் இல்ல, தானே, ராய்காட், பால்கர் மாவட்டத்துக்கும். கொன்னவன் பிணத்த சிட்டிலயே போடணும்னு இல்ல, ஹைவேல ஒரு மணி நேரம் தள்ளிக் கூட போட்டிருப்பான்.

ஃபோட்டோ காட்டுனா நாங்க சொல்லிருவோமே அண்ணே, பெத்தவளுக்கு தெரியாதா?

தெரியாதுங்க. மன்னிச்சுக்கோங்க, நேரா சொல்லிடறேன். மும்பை வெயில்ல ரெண்டு நாள் ஆனா முகம் ஊதி, நிறம் மாறி, நாக்கு வெளிய வந்து யாருமே அந்த ஆள் மாதிரி இருக்க மாட்டாங்க. ஆமான்னு சொல்லித் தொலைச்சு ஒரு முடிவுக்கு வந்துரணும்னு மனசு துடிக்கிறவங்களும் உண்டு, இல்ல இல்லன்னு கண்ண மூடிக்கிறவங்களும் உண்டு. ரெண்டுமே தப்பா போகும். முகத்த கடைசியா பாருங்க, முதல்ல பல்லு, காது, தழும்பு, கால்விரல்.

சரி, அப்போ என்ன அடையாளம்தான் எழுதணும்?

இதுல நம்ம ஆளுங்க ரொம்ப மோசம். மாநிறம், சுமார் உயரம்னு எழுதிட்டு வந்துருவாங்க. உக்காந்து யோசிச்சு எழுதுங்க, வீட்டுப் பொம்பளைங்கள கூப்பிட்டு கேளுங்க, அவங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். எந்தப் பல்லு உடைஞ்சது, எதை பிடுங்குனாங்க, சின்ன வயசுல மரத்துல இருந்து விழுந்து எந்த கை ஒடிஞ்சது (ஒடிஞ்சு கூடுன எலும்பு எத்தனை வருஷம் ஆனாலும் காட்டிக் குடுக்கும்), ஆபரேஷன் பண்ணி பிளேட்டு வெச்சிருக்கா, அந்த பிளேட்டுல நம்பர் இருக்கும். மூக்கு எந்தப் பக்கம் குத்தியிருக்கு, காதுல எத்தனை ஓட்டை, அரைஞாண் கயிறா வெள்ளிக்கொடியா, மெட்டி எந்த விரல்ல. தாலிய பாத்தே எந்தப் பக்கத்து ஆளு, என்ன வகையறான்னு சொல்ற கிழவிங்க நம்ம மத்தியில இருக்காங்க, மார்ச்சுவரில எழுதுறவர் மஞ்சள் உலோக சங்கிலின்னு எழுதிட்டுப் போயிருவார். பாம்படம் போட்டு வளர்ந்த காத, காது கிழிஞ்சிருக்குன்னு எழுதி வெச்சத நானே பாத்திருக்கேன்.

துணியும் பேசும். சட்டை காலர்ல தையல்காரர் லேபிள், உள்பக்கம் சலவைக்காரர் போட்ட மை குறி. 2019 டிசம்பர்ல மாஹிம் கடற்கரைல, நம்ம தாராவில இருந்து நடந்து போற தூரம், ஒரு சூட்கேஸ்ல உடல் பாகம் மட்டும் கிடைச்சுது, தலை இல்ல. கூட இருந்த துணில குர்லா தையல்கடை டேக் ஒண்ணு இருந்துச்சு, போலீஸ் அந்தக் கடைக்குப் போய் பில் புக்க புரட்டி, அதுல ஒரு பேர எடுத்து, ஃபேஸ்புக்ல அதே துணி போட்ட ஃபோட்டோவ கண்டுபிடிச்சு, ஆள் யாருன்னு சில நாள்லயே சொல்லிட்டாங்க. எந்த மெஷினும் இல்ல, ஒரு டெய்லர் லேபிள்.

பழைய ஆளுங்களுக்கு ஆளவந்தார் கேஸ் ஞாபகம் இருக்கும். 1952 ஆகஸ்ட், மெட்ராஸ்ல ஒரு பேனா வியாபாரி காணோம். போட் மெயில் ரயில்ல நாத்தம் அடிக்குதுன்னு மானாமதுரைல ஒரு டிரங்கு பெட்டிய இறக்கிப் பாத்தா தலை இல்லாத உடம்பு. தலை ராயபுரம் கடற்கரைல ஒதுங்குச்சு. ஆள் முன்னாடி ராணுவத்துல வேலை பாத்தவர்ங்கறதால அவர் கைரேகை அங்க பதிவு இருந்துச்சு, அத வெச்சு இந்த உடம்பு அவர்தான்னு உறுதி பண்ணாங்க. எழுபது வருஷம் முன்னாடியே செஞ்சிருக்காங்க, எங்கயோ அவர் ரேகை பதிஞ்சிருந்ததால முடிஞ்சுது.

கைரேகைன்னதும் கேக்குறேன், எல்லார்கிட்டயும் ஆதார் இருக்கே, பிணத்தோட விரல வெச்சா பேர் வந்துராதா?

வராது. ஆதார் வேலை செய்யுற விதம் வேற, நீங்க நம்பர சொல்லணும், அந்த நம்பருக்கு இந்த ரேகைதானான்னு அது சொல்லும். நம்பரே இல்லாம வெறும் ரேகைய வெச்சு நூறு கோடி பேர்ல தேடித் தர்ற சர்வீஸ் போலீசுக்கு கிடையாது, ஆதார் சட்டமும் கைரேகைய வெளிய குடுக்க விடாது. பேர் தெரியாத பிணங்களுக்கு இத பயன்படுத்தணும்னு டெல்லி ஹைகோர்ட்ல வழக்கு போட்டப்போ, அது முடியாதுன்னுதான் 2018-ல ஆதார் ஆணையம் பதில் சொல்லுச்சு.

போலீஸ்கிட்ட இருக்குறது நாஃபிஸ்ங்கற கைரேகை டேட்டாபேஸ், 2022-ல வந்தது, அரெஸ்ட் ஆனவங்க, தண்டனை வாங்குனவங்க ரேகை அதுல இருக்கும். செத்தவரு என்னைக்காவது ஒரு கேஸ்ல மாட்டியிருந்தா பேர் வந்துரும். நேர்மையா வாழ்ந்தவனுக்கு ரெக்கார்டே இல்ல, என்ன கொடுமைன்னு பாருங்க. தண்ணில ஊறுன பிணத்துல விரல் தோல் கையுறை மாதிரி கழண்டு வரும், ரேகை எடுக்குறவங்க அந்தத் தோலத் தன் விரல்ல மாட்டிக்கிட்டு மைல உருட்டுவாங்கன்னு கேள்விப்பட்டப்போ எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல, ஆனா அப்படி செஞ்சுதான் எத்தனையோ பேருக்கு பேர் கிடைச்சிருக்கு.

டிஎன்ஏ பாக்கணும்னா யாரு ரத்தம் குடுக்கணும்? அம்மா அப்பா ரெண்டு பேரும் இறந்துட்டாங்க.

அப்பா அம்மா, இல்ல அவங்க பெத்த பிள்ளைங்க, இவங்கதான் முதல் தரம். இவங்க இருந்தா பதில் தெளிவா வரும். 1995-ல டெல்லி தந்தூர் கேஸ்ல, ஹோட்டல் தந்தூர் அடுப்புல போட்டு எரிச்ச பொண்ணோட உடம்ப பெத்தவங்க ரத்தத்தோட ஒப்பிட்டுத்தான் ஹைதராபாத்ல டிஎன்ஏ விஞ்ஞானி லால்ஜி சிங் உறுதி பண்ணார். கூடப்பிறந்தவங்க ரெண்டாவது தரம், ஒருத்தர் பத்தாது, ரெண்டு மூணு பேர் குடுத்தா நல்லது.

அதுவும் இல்லன்னா ரெண்டு கோடு இருக்கு. தாய்வழிக் கோடு ஒண்ணு, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏம்பாங்க, அம்மாகிட்ட இருந்து மட்டும் வரும், மட்கிப் போன பழைய எலும்புல கூட கிடைக்கும். அதனால தாய்மாமன் ரத்தம் உதவும், சித்தி பெரியம்மா ரத்தம், அவங்க பிள்ளைங்க ரத்தம் உதவும். தாய்மாமன் பிள்ளைங்க ரத்தம் உதவாது, ஏன்னா அவங்களுக்கு அது அத்தைகிட்ட இருந்து வந்திருக்கும். (மாமன் அக்கா மகளையே கட்டியிருந்தா அந்தப் பிள்ளைங்களுக்கும் அதே கோடுதான், நம்ம குடும்பங்கள்ல இதையும் பாக்கணும்.) செத்தது ஆம்பளைன்னா அப்பா வழிக் கோடு இருக்கு, சித்தப்பா பெரியப்பா, அவங்க பசங்க. ஆனா இந்த ரெண்டு கோடும் இந்த வம்சம்னு சொல்லுமே தவிர இந்த ஆள்தான்னு அடிச்சு சொல்லாது, மத்த அடையாளத்தோட சேத்துத்தான் வெக்கணும்.

சொந்தத்துல கல்யாணம் பண்ணியிருந்தா மறைக்காம சொல்லுங்க. அத்தை பையன், மாமா பொண்ணுன்னு தலைமுறையா கட்டுன குடும்பத்துல தூரத்து சொந்தம் கூட டிஎன்ஏல கிட்டத்து சொந்தம் மாதிரி தெரியும். லேப்காரங்களுக்கு அது தெரிஞ்சிருக்கணும்.

நாங்களே காசு கட்டி ப்ரைவேட் லேப்ல பாத்துக்கலாமா?

உங்க ரத்தத்த பாக்கலாம், எலும்ப யாரு குடுப்பா? அது கேஸ் பொருள், விசாரணை அதிகாரி சீல் போட்டு லெட்டர் எழுதி அனுப்புனாத்தான் உண்டு. இங்க காலினால உள்ள அரசு ஃபாரன்சிக் லேபுக்குப் போகும். உங்களுக்கு செலவு கிடையாது, காத்திருக்கணும். உங்க வேலை ரத்தம் குடுக்கத் தயார்னு எழுத்துல குடுத்து, அதுல ஒரு காப்பில ஸ்டேஷன் முத்திரை வாங்குறது. முத்திரை இல்லாத காப்பி வெறும் பேப்பர்.

வயசான அப்பா அம்மா இருந்தா தள்ளிப் போடாதீங்க. போன வருஷம் ஒரு அம்மா, தீபாவளி முடியட்டும்னு ஊருக்குப் போனாங்க, வரவே இல்ல.

அமெரிக்காவுல எல்லாம் அறுபது வருஷத்து கேஸ டிஎன்ஏ வெச்சு கண்டுபிடிக்கிறாங்களே, இங்க ஏன் முடியல?

நீங்க சொல்றது ஃபிலடெல்ஃபியா பையன் கேஸா இருக்கும். 1957-ல ஒரு அட்டைப்பெட்டில சின்னப் பையன் பிணம், 2022 டிசம்பர்லதான் பேர் சொன்னாங்க. அங்க லட்சக்கணக்கான ஜனங்க எச்சிலத் துப்பி அனுப்பி எங்க தாத்தா யாருன்னு பாக்குற பழக்கம் இருக்கு, அந்த டேட்டாபேஸ்ல தூரத்துப் பங்காளி ஒருத்தன் மாட்டுனாலும் குடும்ப மரத்த வரைஞ்சு வரைஞ்சு ஆள்கிட்ட வந்துருவாங்க. அதுல நம்ம ஜனம் ரொம்பக் கம்மி, நம்ம சொந்தக் கல்யாணச் சிக்கல் மேல சொன்னேன்ல, அது வேற.

இங்க இன்னொரு ஓட்டை. காணாம போனவங்க குடும்பத்து டிஎன்ஏவையும் பேர் தெரியாத பிணத்து டிஎன்ஏவையும் ஒரே இடத்துல வெச்சு தானா ஒப்பிடுறதுக்குன்னு தனிச் சட்டம் இல்ல. 2019-ல லோக்சபால ஒரு மசோதா வந்துச்சு, 2023-ல வாபஸ் வாங்கிட்டாங்க. போலீஸ்காரங்க யார் தகவலையும் தப்பா பயன்படுத்திருவாங்கங்கற பயம் நியாயமானதுதான், நான் இல்லைங்கல. ஆனா காணாம போனவங்க பட்டியலுக்கு மட்டுமாவது ஏதாவது பண்ணியிருக்கலாம்னு எனக்கு ஆத்திரம். அது இல்லாததால இந்த எலும்பு என் அண்ணனோடதா பாருன்னு நீங்களா போய் ஒரு குறிப்பிட்ட கேஸ காட்டணும்.

மண்டை ஓட்ட வெச்சு முகம் வரையிறாங்களாமே, இப்போ ஏஐ வேற வந்துருச்சு?

ரெண்டு விஷயத்த குழப்பிக்கிறாங்க. மண்டை ஓட்டு படத்து மேல நம்ம குடுக்குற ஃபோட்டோவ பொருத்திப் பாக்குறது ஒண்ணு, சூப்பர்இம்போசிஷன். பெங்களூர் ரிச்மண்ட் ரோடு வீட்டு முற்றத்துல 1994-ல தோண்டி எடுத்த, அதுக்கு முன்னாடி காணாம போயிருந்த ஷகீரா கலீலி கேஸ்ல இதையும் செஞ்சாங்க, டிஎன்ஏவும் பாத்தாங்க. இதுக்கு பல்லு தெரியச் சிரிக்கிற நேர் ஃபோட்டோ இருந்தா தங்கம். ஆதார் ஃபோட்டோவ குடுக்காதீங்க, கல்யாண ஆல்பத்துல தேடுங்க.

இன்னொண்ணு ஃபோட்டோவே இல்லாம முகத்த உருவாக்குறது. 2024 ஜனவரில டெல்லி கீதா காலனி மேம்பாலத்துக்குக் கீழ கிடந்த பிணத்தோட முகத்த ஏஐ வெச்சு கண்ணு திறந்த மாதிரி பண்ணி போஸ்டர் ஒட்டுனாங்க, அதப் பாத்து கூடப்பிறந்தவர் அடையாளம் சொல்லி, கொலை பண்ணவங்களும் மாட்டுனாங்க. நல்ல விஷயம். ஆனா அது புதுப் பிணம், முகம் இருந்துச்சு. வெறும் எலும்புல இருந்து வரையிறது பாதி கற்பனை, இவர் மாதிரி இருக்கேன்னு யாராவது ஃபோன் பண்ண வெக்கும், அவ்ளோதான்.

யாருமே காணோம்னு புகார் குடுக்கலன்னா?

அதான் இருக்குறதுலயே இருட்டான இடம். ஷீனா போரா கேஸ்ல அதான் நடந்துச்சு. 2012 மே மாசம் ராய்காட் மாவட்டம் பேண் பக்கத்துக் காட்டுல எரிஞ்ச உடம்பு கிடைச்சுது, சாம்பிள் எடுத்தாங்க, ஆனா எஃப்ஐஆர் போடல. இந்தப் பக்கம் மிஸ்ஸிங்னு தேடி வந்த குடும்பமும் இல்ல. 2015 ஆகஸ்ட்ல வேற ஒரு விஷயத்துல மாட்டுன ஆளு சொல்லித்தான் திரும்பத் தோண்டுனாங்க. யாரு பண்ணாங்கங்கறது கோர்ட் விஷயம், அத நான் பேசல. நான் சொல்றது அந்த மூணு வருஷத்த.

நம்ம பக்கத்துல இது வேற ரூபத்துல நடக்கும். ஓடிப் போயிட்டா, எங்களுக்கு அவ செத்த மாதிரின்னு தலை முழுகிருவாங்க, புகார் குடுத்தா மானம் போயிரும்னு. அவ நிஜமாவே செத்திருந்தா கூட தேடி யாரும் வரமாட்டாங்கன்னு கொன்னவனுக்குத் தெரியும். வீட்டு ஆளே குடுக்கணும்னு இல்லைங்க, பக்கத்து வீட்டுக்காரி, கூட வேலை பாத்தவங்க, யாரும் குடுக்கலாம். கொலைன்னு சந்தேகம் இருந்தா எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம், எங்க எல்லை இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்புவாங்க, என்னையே ஒரு ஸ்டேஷன்ல மூணு தடவை அலைய விட்டாங்க, நாலாவது தடவை பதிவுத் தபால்ல அனுப்புனதும் ஃபோன் வந்துச்சு.

இருபது வருஷம் கழிச்சு இப்போ போய் சொன்னா, இத்தனை நாள் ஏன் சொல்லலன்னு எங்கள பிடிச்சுக்க மாட்டாங்களா?

கேப்பாங்க. ஏன் லேட்டுன்னு கேக்குறது அவங்க வேலை. வறுமை, பயம், எங்கயோ நல்லா இருப்பான்னு நினைச்சோம், உள்ளத உள்ளபடி சொல்லுங்க. லேட்டா புகார் குடுக்குறது குத்தம் இல்ல. கொலைன்னு தெரிஞ்சே மறைச்சாலோ தடயத்த அழிச்சாலோதான் குத்தம், அது நீங்க செஞ்சிருக்க மாட்டீங்க.

ஏழு வருஷம் ஆச்சுன்னா இறந்ததா கணக்குன்னு சொல்றாங்களே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?

ஏழு வருஷம் ஒரு ஆளப் பத்தி, கேள்விப்பட வேண்டியவங்க யாரும் கேள்விப்படலன்னா இறந்துட்டார்னு கோர்ட் எடுத்துக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்துல 108, இப்போ 111. தானா நடக்காது, சிவில் கோர்ட்டுக்குப் போய் வாங்கணும், அதுக்கும் மிஸ்ஸிங் புகார் காப்பிதான் முதல் காகிதம். பேங்க் பணம், இன்ஷூரன்ஸ், வீட்டுப் பட்டா இதுக்கெல்லாம் அது போதும்.

ஆனா இறந்ததா எடுத்துக்குறோம்னு சொல்லுமே தவிர எப்போ, எங்க, யாரு கொன்னதுன்னு சொல்லாது. ஒரு அக்கா, ஆன்டாப் ஹில் பக்கம், கோர்ட் ஆர்டர் கைல இருக்கு, பொட்டு வெச்சிருக்காங்க, தாலியும் கழுத்துல இருக்கு. திதி எந்த நாள்ல குடுக்குறதுன்னு என்கிட்ட கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல, கோயில் ஐயர்கிட்ட கேளுங்கக்கான்னு சொல்லி அனுப்பிட்டேன்.

வேற யாரோ பிணத்த எங்களதுன்னு குடுத்துட்டா?

நடந்திருக்கு. காரியம் எல்லாம் முடிச்ச அப்புறம் ஆளே உயிரோட வந்து நின்ன கதைங்க பேப்பர்ல அப்பப்போ வரும். டிஎன்ஏ ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எரிக்காதீங்க, புதைங்க, நம்ம வழக்கம் எரிக்கிறதா இருந்தாலும். ஒரு தப்பான அடையாளத்துல ரெண்டு குடும்பம் போகும், உங்க தேடல் நின்னுரும், அந்தப் பிணத்தோட சொந்தக்காரங்களுக்கு என்னைக்கும் அது கிடைக்காது.

பேர் தெரிஞ்சிட்டா கொலைகாரன் மாட்டிருவானா?

கட்டாயம் இல்ல. பெல்ஜியம் ஆன்ட்வெர்ப்ல 1992-ல ஒரு பொண்ணு கொலை, கைல பூ போட்ட பச்சை, அதுக்குக் கீழ ஆர்நிக்னு எழுத்து, பேர் மட்டும் தெரியாது. 2023 மே மாசம் இன்டர்போல் இந்த மாதிரி 22 பொண்ணுங்க விவரத்த வெளியிட்டுச்சு, பிரிட்டன்ல இருந்த குடும்பம் நியூஸ்ல அந்தப் பச்சையப் பாத்துட்டு எங்க ரீட்டான்னு சொன்னாங்க. 31 வருஷம். அப்பவும் கொன்னது யாருன்னு தெரியல, கடைசியா அவங்கள யாரு பாத்ததுன்னு போலீஸ் அப்புறம்தான் கேக்கவே ஆரம்பிச்சுது.

ஆனா பேர் இல்லாம அந்தக் கேள்விய கேக்கவே முடியாது. கொலைல பெரும்பாலும் தெரிஞ்ச ஆள்தான், யாரு செத்ததுன்னு தெரிஞ்சாத்தானே யாருக்குத் தெரிஞ்ச ஆளுன்னு தேட முடியும்.

நீங்க முதல்ல சொன்ன அந்த பச்சை குத்துன பொம்பளை, யாருன்னு தெரிஞ்சுதா அண்ணே?

இன்னும் இல்ல. செல்வம்னதும் காதலன் பேருன்னு போலீஸ் முடிவு பண்ணியிருந்தாங்க. அந்த வயசுப் பொம்பளை எங்க ஊர்ல புருஷன் பேர வாயால கூட சொல்லமாட்டா, கைல குத்திக்கவா போறா, செத்துப் போன தம்பியாவோ அப்பாவாவோ கூட இருக்கலாம்னு நான் சொன்னேன். அத ஃபைல்ல எழுதிக்கிட்டாங்க. இனிஷியல் த-ன்னு முதல்ல படிச்சுக் குடுத்தேன், அப்புறம் பெரிசு பண்ண ஃபோட்டோ பாத்தா கீழ வால் இருக்கா, தோல் சுருக்கமான்னு தெரியல, க-வா கூட இருக்கலாம். என் தப்பால ரெண்டு வருஷம் த மட்டுமே தேடுனாங்க. நாலு வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்து ரத்தம் குடுத்தார், ஒத்துப் போகல.

எந்த வருஷம், எந்த இடம், இன்னொரு அடையாளம் என்னன்னு நான் இங்க எழுதமாட்டேன், எழுதினா எல்லாரும் அதையே திருப்பிச் சொல்வாங்க, யாரு நிஜம்னு தெரியாமப் போயிரும். உங்க வீட்டுல ஒரு பொம்பளை பாம்பே போயி திரும்பலன்னா கடைக்கு வாங்க. நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன், செல்வம் யாருன்னு.